31 பேர், 7 சுற்று: ஆன்லைன் செஸ் சாம்பியன்ஷிப் நடத்திய அனுபவம்

எங்கள் குழுவுக்காக நான் நடத்திய முதல் ஆன்லைன் போட்டியில் 24 பேர் சேர்ந்தார்கள். ஐந்தாவது சுற்றுக்கு 13 பேர்தான் மிஞ்சினார்கள். யார் ஜெயித்தார்கள் என்பது இப்போது எனக்கே சரியாக நினைவில்லை. அந்த 11 பேர் ஏன் போனார்கள் என்ற கேள்வி மட்டும் மனதிலேயே நின்றது. இரண்டாவது போட்டியை அந்தக் கேள்வியிலிருந்துதான் கட்டினேன்.

முதல் போட்டியில் ஆட்டத்துக்கு 45 நிமிடம், நகர்வுக்கு 45 நொடி கூடுதல் என்று வைத்திருந்தேன். வாரம் ஒரு சுற்று. எதிராளியுடன் பேசி நேரம் குறித்துக்கொண்டு வாரத்துக்குள் ஆடி முடிக்க வேண்டும். நிதானமான ஆட்டத்தை விரும்புகிறவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. லிசெஸ் என்ற இணையச் செஸ் தளத்தில் இதே நேரக் கணக்கில் குழுப்போட்டிகள் வெகுகாலமாக நடக்கின்றன. ஆனால் அங்கே பின்னால் ஒரு பெரிய தன்னார்வலர் படையே உண்டு. எங்களிடம் நான் மட்டும்தான். முதல் வாரம் 12 ஆட்டங்களில் 8 நடந்தன; மூன்றாம் வாரம் 5. "அவருக்குச் செய்தி அனுப்பினேன், பதில் இல்லை" என்று இருவருமே எழுதுவார்கள். யாருக்குப் புள்ளி தருவது என்று இரவெல்லாம் செய்திகளைப் புரட்டிக்கொண்டிருப்பேன். விலகியவர்களில் பலர் தோற்றுப்போய் விலகவில்லை. ஆட வந்து, ஆள் கிடைக்காமல் சலித்து விலகினார்கள்.

சரி, இந்த முறை நேரத்தை நானே குறித்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஞாயிறு மாலை இரண்டு சுற்று, நான்கு வாரம், கடைசி வாரம் மட்டும் ஒரு சுற்று. ஆக மொத்தம் ஏழு. நான் எடுத்தது சுவிஸ் முறை: தோற்றாலும் யாரும் வெளியேற மாட்டார்கள், ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்கள் மோதுவார்கள். 31 பேருக்கு ஒரே வெற்றியாளரைக் கண்டுபிடிக்க அதில் ஐந்து சுற்றே போதும். ஒவ்வொரு சுற்றிலும் தோல்வி காணாதவர்கள் பாதியாகக் குறைவதால் 32 பேர் என்றால் ஐந்தில் ஒருவர்தான் நிற்பார். ஆனால் இரண்டாம் மூன்றாம் இடங்கள் ஓரளவு நியாயமாக அமையவும், நடுவில் இருப்பவர்கள் தங்களுக்கு நிகரானவர்களோடு சில ஆட்டமாவது ஆடவும் இன்னும் இரண்டு சுற்று தேவைப்பட்டது.

நேரக் கட்டுப்பாடு 15 நிமிடம், நகர்வுக்கு 10 நொடி கூடுதல். இதைத் தேர்ந்தெடுக்கும் முன் காகிதத்தில் கணக்குப் போட்டேன். 60 நகர்வு ஆட்டம் என்றால் ஒருவருக்கு அதிகபட்சம் 25 நிமிடம், இருவருக்கும் சேர்த்து 50. இரண்டு சுற்றுகளின் தொடக்கத்துக்கு இடையே 70 நிமிடம் விட்டேன். அது எவ்வளவு சரியான முடிவு என்று மூன்றாம் சுற்றில் தெரிந்தது. யானைக் கடைநிலை ஆட்டம் ஒன்று 112 நகர்வு போய், 50 நகர்வு விதிப்படி (காய் வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் 50 நகர்வு போனால் டிரா) முடிந்தது. 112 நகர்வுக்கு ஒருவருக்கு 33 நிமிடம் 40 நொடி வரை போகலாம். இருவருக்கும் சேர்த்து 67 நிமிடம் சொச்சம். சுவிஸ் முறையில் எல்லா ஆட்டமும் முடிந்தால்தான் அடுத்த சுற்றுக்குச் சோடி சேர்க்க முடியும். ஒரு மணி நேரம் என்று அறிவித்திருந்தால் 30 பேரும் அந்த ஒரு போர்டுக்காகக் காத்திருந்திருப்பார்கள்.

அந்த 10 நொடியை யாரும் குறைக்க வேண்டாம் என்று சொல்வேன். கிளப் அளவில் ஆடுகிறவர்கள் ஜெயிக்கும் ஆட்டத்தைக் கடைசி நிமிடத்தில் கைவிடுவது கடிகாரத்தால்தான். கூடுதல் நொடி இருந்தால் ஆட்டம் பலகையில் முடியும். ஒருவருக்கு நடு ஆட்டத்தில் மின்சாரம் போனது. கைபேசி இணைப்புக்கு மாறி உள்ளே வந்தபோது அவர் கடிகாரத்தில் 40 நொடிதான் இருந்தது. நகர்வுக்கு 10 நொடி வந்துகொண்டிருந்ததால் 30 நகர்வு தாக்குப்பிடித்து டிரா எடுத்தார்.

போட்டியை லிசெஸில் நடத்தினேன். இலவசம், விளம்பரம் இல்லை, ஒரு குழுவைத் தொடங்கினால் அதற்குள் சுவிஸ் போட்டி வைக்கலாம். அழைப்பில் ஒரு நிபந்தனை சேர்த்தேன்: ரேபிட் பிரிவில் (எங்கள் 15+10 போன்ற வேகம்) குறைந்தது 20 ரேட்டட் ஆட்டம், அதாவது ஆட்டத்திறனைக் காட்டும் ரேட்டிங் எண்ணில் சேரும் ஆட்டம், ஆடியிருக்க வேண்டும். புதுக் கணக்கு 1500 ரேட்டிங்கில்தான் தொடங்குகிறது. பக்கத்தில் கேள்விக்குறி இருந்தால் அந்த எண் இன்னும் நிலைபெறவில்லை என்று பொருள். 1500? என்று வருபவர் உண்மையில் 900 ஆகவும் இருக்கலாம், 2100 ஆகவும் இருக்கலாம். அப்படி நான்கைந்து பேர் இருந்தால் தரவரிசையே கலைந்துவிடும்.

எங்கள் 31 பேர் 950 முதல் 2050 வரை பரவியிருந்தார்கள். இங்கேதான் முதல் போட்டியின் இன்னொரு தவறு எனக்குப் புரிந்தது. சாதாரணச் சுவிஸில் முதல் சுற்றுக்குத் தரவரிசையை இரண்டாக மடித்துச் சோடி சேர்ப்பார்கள். 31 பேரில் கடைசி ஆள் ஓய்வு பெற, 1-க்கு 16, 8-க்கு 23, 15-க்கு 30 என்று வரும். ஏறக்குறைய எல்லா போர்டிலும் ஐந்நூறு புள்ளி வித்தியாசம். தோற்கிறவர்கள் 20 நகர்வில் தோற்பார்கள், ஜெயிக்கிறவர்களுக்கும் அதில் ஒன்றும் கிடைக்காது. இதற்கு உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிப்புத்தகத்திலேயே மருந்து இருக்கிறது. பாகு முடுக்கம் என்பார்கள். அஜர்பைஜானின் பாகு நகரில் 2016-இல் நடந்த செஸ் ஒலிம்பியாடை ஒட்டி வந்த பெயர். மேல்பாதியில் இருப்பவர்களுக்குச் சோடி சேர்ப்பதற்காக மட்டும் ஒரு கற்பனைப் புள்ளி கொடுப்பது. ஏழு சுற்றுப் போட்டியில் முதல் இரண்டு சுற்றுக்கு ஒரு புள்ளி, அடுத்த இரண்டுக்கு அரைப் புள்ளி, அப்புறம் ஒன்றுமில்லை. இறுதிக் கணக்கில் இது சேராது. விளைவு என்னவென்றால் முதல் சுற்றில் 1-க்கு 9 வருவார், 8-க்கு 16. கீழே 17-க்கு 24, 23-க்கு 30. வித்தியாசம் பாதியாகிவிடும். 1100 ரேட்டிங் உள்ளவர் 1400 உள்ளவரிடம் தோற்றாலும், 'ஆடினேன்' என்று சொல்லும்படியாக ஒரு ஆட்டம் இருக்கும்.

லிசெஸ் தானாகச் சேர்க்கும் சோடியில் இந்த ஏற்பாடு கிடையாது. இன்னொரு குறையும் இருந்தது. "அடுத்த ஞாயிறு வர முடியாது" என்று முன்கூட்டியே சொல்கிறவருக்கு அரைப் புள்ளி தர விரும்பினேன். தளத்தில் அரைப் புள்ளி தாமதமாகச் சேருபவருக்கு மட்டும், அதுவும் ஒரே முறை. ஆகவே சோடி சேர்ப்பதை என் கணினியில், ஃபிடேயின் டச்சு முறைப்படி (சுவிஸ் சோடி சேர்ப்பதற்கான அதன் விதிமுறை) இயங்கும் மென்பொருளில் செய்தேன். கிடைத்த சோடிகளை லிசெஸ் போட்டிப் பக்கத்தில், கையால் சோடி எழுதுவதற்கென்றே இருக்கும் கட்டத்தில் ஒட்டினேன். ஒரு வரிக்கு இரண்டு பயனர்பெயர், அவ்வளவுதான். சுற்று நேரத்தையும் கையாலேயே குறித்துக்கொள்ளலாம். அதிகாரபூர்வப் புள்ளிப்பட்டியல் என் விரிதாளில். லிசெஸ் பக்கம் ஆடுகளம் மட்டும். இதை முதல் நாளே எல்லோருக்கும் எழுதிவிட்டேன். இல்லையென்றால் "அங்கே ஒன்று காட்டுகிறது, இங்கே ஒன்று" என்று குழப்பம் வரும்.

இதில் ஒரு தடவை சறுக்கியது. இரண்டாம் சுற்றில் ஒரு பயனர்பெயரில் பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' எழுத்தைத் தட்டிவிட்டேன். பட்டியலில் இல்லாதவரை வராதவராகக் கொள்வதுதான் அந்தக் கட்டத்தின் விதி. இரண்டு பேர் ஆட்டமில்லாமல் நின்றார்கள். உடனே இருவரையும் நேரடிச் சவால் வழியாக அதே நேரக் கட்டுப்பாட்டில் ஆடச் சொல்லி, முடிவை விரிதாளில் ஏற்றினேன். அன்றிலிருந்து பெயர்களை நான் தட்டுவதே இல்லை. பதிவுப் பட்டியலிலிருந்து நகலெடுத்து ஒட்டுவதோடு, சுற்றுக்கு 15 நிமிடம் முன்பே சோடிகளைக் குழுவில் போட்டு, 'உங்கள் பெயர் சரியா பாருங்கள்' என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

அண்ணன் தம்பி இருவர் சேர்ந்திருந்தார்கள். முதல் நான்கு சுற்றில் அவர்கள் மோத வேண்டாம் என்று சோடி மென்பொருளில் குறித்துவைத்தேன். லிசெஸிலேயே தானாகச் சோடி சேர்ப்பவர்களுக்கும் இப்படித் தடைச் சோடி எழுத இடம் உண்டு.

இனி 'பை' பற்றி. ஆட்கள் ஒற்றைப்படையாக இருந்தால் ஒருவருக்கு எதிராளி இருக்காது. ஆடாமலே ஒரு புள்ளி கிடைக்கும். விதி அதைப் புள்ளி குறைந்தவர்களிலிருந்து தேடிக் கொடுக்கச் சொல்கிறது. போட்டியின் நியாயத்துக்கு அது சரிதான். ஆனால் யாருக்கு ஆட்டம் மிகவும் தேவையோ அவரைத்தான் அது உட்காரவைக்கிறது. எங்கள் 31-ஆம் எண்காரர் பணி ஓய்வுக்குப் பிறகு செஸ் கற்றுக்கொண்டவர், ரேட்டிங் 950. பதிவு திறந்ததும் முதல் ஆளாகச் சேர்ந்தவரும் அவரே. முதல் சுற்றில் பை அவருக்குத்தான் போனது. "சார், எனக்கு மட்டும் ஆள் இல்லையா?" என்று கேட்டு எழுதினார்.

"நான் இருக்கேன், வாங்க ஐயா" என்று சவால் அனுப்பினேன். புள்ளி அவருக்கு ஏற்கெனவே உண்டு. இந்த ஆட்டம் கணக்கில் சேராது. அதே 15+10, அதே நேரம். 41 நகர்வு ஆடினார். முடிந்தபின் பத்து நிமிடம் உட்கார்ந்து, குதிரையை எங்கே விட்டார் என்று இருவரும் பார்த்தோம். அடுத்த ஞாயிற்றுக்குள் இதை விதியாகவே எழுதிவிட்டேன்: பை கிடைப்பவருடன் ஆட ஒரு தன்னார்வலர் எப்போதும் தயாராக இருப்பார். என் கருத்தில் இந்தப் போட்டியில் செய்த ஆகச் சிறந்த காரியம் இதுதான். எவ்வளவு நல்ல சோடி மென்பொருளாலும் செய்ய முடியாதது இது.

விதிகள் மொத்தம் ஒரு பக்கம். அதில் பாதி, வராதவர்களைப் பற்றியது. சுற்றுக்கு மூன்று மணி நேரம் முன்பு சொன்னால் அரைப் புள்ளி, ஒரே முறை, கடைசி இரண்டு சுற்றில் கிடையாது. சொல்லாமல் வராவிட்டால் பூஜ்யம். அடுத்த சுற்றுக்குத் தானாகவே பெயர் எடுக்கப்படும், 'வருகிறேன்' என்று ஒரு வரி எழுதினால் மீண்டும் சேர்க்கப்படும். இந்த ஒரு வரி வழக்கம் நிறைய வேலையை மிச்சப்படுத்தியது. வராத ஆளுக்கு எதிரே யாரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கவில்லை. நேரத்தை எப்போதும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்திலும் சேர்த்து அறிவித்தேன். வெவ்வேறு நேர மண்டலங்களில் இருப்பவர்கள் ஆடும்போது, ஒரு ஊரில் கோடை நேரம் மாறினாலே ஒருவர் ஒரு மணி நேரம் பிந்திவிடுவார். மூன்றாம் வாரம் அப்படி ஒருவர் பிந்தினார்.

இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதையும் முன்பே எழுதிவைத்தேன். 2020 ஆகஸ்டில் ஃபிடே நடத்திய ஆன்லைன் ஒலிம்பியாட் இறுதிப்போட்டியில் இந்தியாவும் ரஷ்யாவும் மோதின. இரண்டாம் மோதலின்போது உலக அளவில் ஏற்பட்ட இணையக் கோளாறில் இந்திய ஆட்டக்காரர் இருவருக்கு இணைப்பு போனது. நேரம் தீர்ந்து ஆட்டத்தை இழந்தார்கள். இந்தியா முறையீடு செய்தது. கடைசியில் இரண்டு அணிக்கும் தங்கம் என்று அறிவித்தார்கள். உலகத்தின் மிகப்பெரிய அமைப்புக்கே இந்தச் சிக்கல் வருகிறது என்றால் நாம் எழுதிவைக்காமல் இருக்கலாமா? எங்கள் விதி இரண்டே வரி. உங்கள் பக்கத்து இணைப்பு உங்கள் பொறுப்பு, கடிகாரம் ஓடும். தளமே எல்லோருக்கும் நின்றுபோனால் முடிந்த ஆட்டங்கள் அப்படியே நிற்கும். முடியாதவை வேறு நாளில் முதலிலிருந்து ஆடப்படும். இரண்டாவது வரியைப் பயன்படுத்த வேண்டிவரவில்லை.

எஞ்சின், அதாவது செஸ் ஆடும் கணினி நிரலின் உதவி பற்றிய சந்தேகம்தான் மிகவும் கவனமாகக் கையாள வேண்டியது. நான்காம் சுற்றில் 1350 ரேட்டிங் உள்ளவர் 1800-ஐ 22 நகர்வில் வென்றார். தோற்றவர் எனக்குத் தனியாக எழுதினார்: "துல்லியம் 94 சதவீதம் காட்டுது, இது நம்பற மாதிரி இல்லை." நகர்வுகள் எஞ்சின் சொல்லும் சிறந்த நகர்வுக்கு எவ்வளவு நெருக்கம் என்று தளம் காட்டும் எண்தான் துல்லியம். விதிப்படி அவர் செய்தது சரி, பொதுவில் யாரும் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது, நடத்துபவருக்கு மட்டும் எழுத வேண்டும். ஆட்டத்தைத் திறந்து பார்த்தேன். இத்தாலியன் ஆட்டத்தில் குதிரை எஃப்7-இல் பலியாகும் பழைய தாக்குதல், ஃபிரைட் லிவர் என்பார்கள். கறுப்பு ஐந்தாவது நகர்வில் சிப்பாயைக் குதிரையால் திருப்பி வெட்டியதும் வெள்ளைக்குப் பாதை தெளிவு. முதல் எட்டு நகர்வும் நொடியில் வந்திருக்கின்றன, அப்புறம் ஒரு நகர்வுக்கு இரண்டு நிமிட யோசனை, நடுவில் ஒரு பெரிய பிழைகூட இருக்கிறது. எஞ்சினைப் பார்த்து ஆடுபவரிடம் பொதுவாக இப்படி ஏற்ற இறக்கம் இருப்பதில்லை. வெட்டிய காயைத் திருப்பி வெட்டும் எளிய நகர்வுக்கும் கடினமான நகர்வுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் எடுப்பார். தவிர, எதிராளி சீக்கிரம் சரிந்துவிடும் குறும் ஆட்டங்களில் துல்லியம் எல்லோருக்கும்தான் உயரும். இதையெல்லாம் தோற்றவருக்குப் பொறுமையாக எழுதினேன். அடுத்த முறை அதே தொடக்கத்துக்கு நான்காவது நகர்வில் என்ன ஆடலாம் என்றும் பேசினோம். அவர் கடைசிவரை ஆடினார்.

இன்னொருவர் விஷயம் வேறு மாதிரி முடிந்தது. அவர் ஆட்டங்களைப் பார்த்து எனக்கே உறுத்தியதால் தளத்துக்குப் புகார் அளித்தேன். தீர்ப்பை அவர்களிடமே விட்டேன். நூற்றுக்கணக்கான ஆட்டங்களை வைத்துப் பார்க்கும் வசதி அவர்களுக்குத்தான் இருக்கிறது, ஓர் ஆட்டத்தை வைத்து நான் சொல்லக் கூடாது. ஐந்தாம் சுற்றுக்குப் பின் கணக்கு மூடப்பட்டது. குழுவில் 'விலகினார்' என்று மட்டும் எழுதினேன். அவரிடம் தோற்ற மூவருக்கும் முழுப்புள்ளி சேர்த்தேன். ஏற்கெனவே நடந்த சோடிகளை மாற்றவில்லை.

சமநிலை முறிப்பு. இதற்கு நான் எடுத்துக்கொண்டது புக்ஹோல்ஸ், அதாவது நீங்கள் ஆடிய எதிராளிகள் எடுத்த புள்ளிகளின் கூட்டுத்தொகை. பாதியில் விலகும் ஆட்கள் உள்ள அமெச்சூர் போட்டியில் இதில் ஒரு அநியாயம் உண்டு. ஏழாம் சுற்று முடிவில் இருவர் 5.5 புள்ளியில் நின்றார்கள். ஒருவரின் எதிராளிகள் மொத்தம் 27.5, மற்றவருக்கு 26. ஆனால் இரண்டாமவர் ஆடிய ஒருவர் இரண்டு சுற்றோடு போய்விட்டவர், ஒரே புள்ளி. அவர் போனதற்கு இவர் என்ன செய்வார்? மிகக் குறைந்த எதிராளியை நீக்கிக் கணக்கிடும் முறைப்படி முதலாமவருக்கு 2.5 கழிந்து 25. இரண்டாமவருக்கு 1 கழிந்து அதுவும் 25. தமக்குள் ஆடிய ஆட்டமும் டிரா. நல்லவேளையாக முதல் இடத்துக்கு மட்டும் பிளேஆஃப் என்று முன்பே எழுதியிருந்தேன்: 5+3 வேகத்தில் இரண்டு ஆட்டம், அதிலும் சமம் என்றால் ஆர்மகெடான், அதாவது டிரா ஆனால் கறுப்பு வென்றதாகக் கொள்ளும் ஒற்றை ஆட்டம்.

கடைசி ஞாயிறு 28 பேர் ஆடினார்கள். 14 போர்டு, யாருக்கும் பை இல்லை. ஒருவர் முன்பே சொல்லி வராமல் இருந்தார், இருவர் ஏற்கெனவே இல்லை. முதல் இரண்டு போர்டும் 40 நிமிடத்தில் முடிந்துவிட்டன. பிளேஆஃப் ஆட வேண்டிய இருவரும் தயாராக இருந்தார்கள், பார்க்கவும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் 14-ஆம் போர்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நம் 31-ஆம் எண்காரர். அதுவரை அவரிடம் 2 புள்ளி: முதல் சுற்றுப் பையில் வந்த ஒன்று, இரண்டு டிரா. பலகையில் ஒரு வெற்றிகூட இல்லை. இப்போது யானைக் கடைநிலையில் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்தார். சிப்பாய் ஏழாம் வரிசையில், அதற்கு முன்னால் அவருடைய ராஜா. வெளியே வர வழி தேடிக்கொண்டிருந்தார்.

ஆட்ட நேரத்தில் குழுவில் யாரும் நகர்வைப் பற்றி எழுதக் கூடாது என்பது விதி. ஒருவரும் எழுதவில்லை. 28 பேரில் முக்கால்வாசிப் பேர் அந்த போர்டைத் திறந்து வைத்திருந்தார்கள். 74-ஆம் நகர்வில் ஐயா தன் யானையை நான்காம் வரிசைக்குக் கொண்டுவந்தார். ராஜா வெளியே வந்ததும் செக்குகளைத் தடுக்க அந்த யானைதான் பாலம். எட்டு நகர்வு கழித்து எதிராளி ஆட்டத்தை ஒப்புக்கொண்டார்.

விரிதாளில் 1–0 என்று ஏற்றி, கீழ் வரிசைகளைச் சரிபார்த்து, அதன்பின் பிளேஆஃபுக்கான சவாலை அனுப்பினேன். முதல் ஆட்டம் டிரா, இரண்டாவதில் கறுப்பு வென்றது.